வறண்டு கிடந்த நீர்க்கண்ணாடி

ஜனவரியில் இரண்டே நாளுக்குப் பிரான்சின் போர்தோ நகரத்துக்குப் போனேன். கரோன் ஆற்றங்கரையில், பிளாஸ் த லா பூர்ஸ் சதுக்கத்துக்கு எதிரே, கருங்கல் தளத்தில் 2 செ.மீ. தண்ணீர் நிற்க, 18-ஆம் நூற்றாண்டு மாளிகைகள் தலைகீழாகத் தெரியுமே, அந்த நீர்க்கண்ணாடிக்காகத்தான் முக்கியமாகப் போனது. போய் நின்றால் வெறும் கல்தரை! குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். உறைந்தால் வழுக்கும், சரி, புரிகிறது. ஆனால் குளிர்காலச் சலுகை என்று அறை விற்ற விடுதிக்காரர்கள் அதே தண்ணீர்ப் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, இப்போது தண்ணீர் இருக்காது என்று ஒரு வரிகூடச் சொல்லாதது என்ன நியாயம்? விடிவதே காலை எட்டரைக்கு, மாலை ஆறுக்கெல்லாம் இருட்டு, அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில் ஒரு மதியம் முழுக்க வீண். முன்பே தெரிந்திருந்தால் மே மாதம் போயிருப்பேனே!