அந்த ஏழு பேரையும் திட்டுகிற அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும்

கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் முறைப்பாடு இப்போது அநேகமாக ஒன்றுதான்: "ரீச்சர், உவளுக்கு அந்தக் கொரியன் பெடியளின்ர விசர். நீங்களாவது சொல்லுங்கோ." பி.ரி.எஸ் என்ற தென்கொரியப் பாட்டுக் குழுவைத்தான் சொல்கிறார்கள். கொப்பி உறையில் அந்த ஏழு முகங்கள், இரவில் போர்வைக்குள் அவர்களின் பாட்டு. தயவுசெய்து பிள்ளைகளை இதற்காக அவமானப்படுத்தாதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். கை உளைய உளைய மாறி மாறிச் சுற்றினோம். அப்படிப் பாட்டுக் கேட்டவர்களுக்கு, பாட்டுக்காக உருகும் பிள்ளையைப் பார்த்துக் கோபம் வருவது எனக்கு விளங்கவில்லை.

இந்தக் குழு 2013இல் தொடங்கியது. எங்கள் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் 2020இல், பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலத்தில். ஒன்லைன் வகுப்புக்கென்று நாங்கள்தான் கடன்பட்டாவது போன் வாங்கிக் கொடுத்தோம். அதே வருடம்தான் அவர்களின் பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 என்ற பாட்டுத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. தென்கொரியக் குழு ஒன்றுக்கு அது முதல் தடவை. வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகள் அந்தச் சந்தோசத்தில் தாங்களும் பங்கெடுத்தார்கள்.

2018 செப்டெம்பரில் அந்தக் குழுவின் தலைவர் ஆர்.எம் ஐ.நா.வில், யுனிசெப் நிகழ்ச்சி ஒன்றில் பேசினார். சியோலுக்குப் பக்கத்தில் இல்சான் என்ற ஊரில் பிறந்தேன் என்று ஆரம்பித்து, மற்றவர்களின் கண்ணால் தன்னைப் பார்க்கத் தொடங்கி எப்படித் தன் குரலைத் தொலைத்தார் என்று சொல்லிக்கொண்டு போவார். அந்தப் பேச்சை வகுப்பில் போட்டேன். பிறகு, நீங்களும் பிறந்த ஊரிலிருந்து தொடங்கி எழுதுங்கள் என்றேன். ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதச் சொன்னாலே தலையைக் குனிகிற பிள்ளைகள், அன்றைக்குப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு என்று ஊர்ப் பெயர்கள் வந்தன. ஒரு பிள்ளை, செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குள் பிறந்தேன் என்று தொடங்கியிருந்தாள். எத்தனையோ பாடப்புத்தகங்கள் வைத்துப் படிப்பித்திருக்கிறேன், அவளிடமிருந்து இதை எதுவும் வெளியே எடுக்கவில்லை.

அந்த ஏழு பேரும் கட்டாய இராணுவ சேவைக்குப் போனார்கள். 2022 டிசம்பரில் ஜின் முதலில் போனார், 2025 ஜூனில் எல்லோரும் முடித்து வந்தார்கள். அதுவரை பிள்ளைகள் கலண்டரில் நாள் வெட்டினார்கள். ஒருத்தியின் அம்மம்மா, "அந்தப் பொடியன் வந்திட்டானோ?" என்று பேத்தியிடம் கேட்டுக்கொண்டே இருப்பாவாம். போன பிள்ளைக்காக நாள் எண்ணுவதை இந்த மண்ணில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளி இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளைத் தாண்டிப் பாய்ந்ததே, அதற்காக யாராவது மகனின் போனைப் பறித்தார்களா? கொரியா வேலைக்கென்று பெடியன் மொழி படித்தால் கெட்டிக்காரன். பாட்டு விளங்க வேண்டும் என்று பெட்டை அதே எழுத்துகளை எழுதிப் பழகினால் விசரி. இந்த அநியாயத்தைப் பிள்ளைகள் நன்றாகக் கவனிக்கிறார்கள்.

1964இல் பீற்றில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்தார்கள். கத்தி அழுத பெண்பிள்ளைகளைப் பத்திரிகைகள் நக்கலடித்தன. நல்ல பாட்டு எது என்று அந்தப் பத்திரிகைக்காரருக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஒரே அல்பத்தைப் பல அட்டைகளில் விற்கிறார்கள். உள்ளே யாருடைய படம் வரும் என்று பிரித்தால்தான் தெரியும். பிடித்தவரின் படம் கிடைக்கும்வரை வாங்கவைக்கும் வியாபாரம் அது. பார்வை எண்ணிக்கையைக் கூட்ட விடிய விடிய வீடியோவை ஓடவிடச் சொல்லும் குழுக்களும் உண்டு. கூலி வேலை செய்து வரும் காசு டேட்டாவாகக் கரைகிறது. பெற்றோர் இதைத்தான் பேச வேண்டும், ஆனால் பேசுவதற்குப் பிள்ளை உங்களை நம்ப வேண்டுமே. 2024 தொடக்கத்தில் தமிழ்நாட்டில், கரூர்ப் பக்கத்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மூவர் இந்தக் குழுவைப் பார்க்கக் கொரியாவுக்கே போவதென்று வீட்டை விட்டு வெளிக்கிட்டார்கள். காட்பாடி ரயில் நிலையத்தில் வைத்து மீட்டார்கள். அப்படியொரு ஆசையை வீட்டில் வாய் திறந்து சொல்ல இடம் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன் மகளின் படங்களை அடுப்பில் போட்டார். இப்போது அவளுக்கு ரகசியமாக இரண்டாவது சமூக ஊடகக் கணக்கு ஒன்று இருக்கிறது, அவருக்குத் தெரியாது.

என் வகுப்பில் மூன்று விசயம் கேட்டிருக்கிறேன். ஒன்லைனில் காசு கட்ட முதல் வீட்டில் சொல்ல வேண்டும். படத்துக்காக அதே அல்பத்தை இரண்டாம் முறை வாங்கக்கூடாது. சோதனைக் கிழமையில் இரவு பத்து மணிக்குப் பிறகு போன் அம்மாவிடம். பத்தரை ஆக்கச் சொல்லிப் பேரம் பேசினார்கள், ஒத்துக்கொண்டேன்.