நாவல் 2006, தொடர் 2018

'சேக்ரட் கேம்ஸ்' நாவல் அதே பெயருள்ள நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்து எழுதப்பட்ட புத்தகம், அதில் வரும் சர்தாஜ் சிங் கறைபடாத போலீஸ்காரர் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு. விக்ரம் சந்திராவின் நாவல் 2006இல் வந்தது. தொடர் வந்தது 2018இல். சர்தாஜ் அதற்கும் முன்பே, 1997இல் வந்த சந்திராவின் கதைத் தொகுப்பிலேயே இருக்கிறார்.

நேர்மை விஷயம்தான் முக்கியம். தொடரில் பார்த்த சர்தாஜை மனதில் வைத்துப் படித்தால் நாவலின் உயிரே கைநழுவிப் போகும். நாவலின் சர்தாஜ் மாமூல் வாங்குகிறவர். ஆரம்பப் பகுதியிலேயே ஒரு டான்ஸ் பாருக்குப் போய், அங்கே நடக்கப்போகும் ரெய்டை முதலாளியோடு உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்கிறார். மிரட்டல், சத்தம் எதுவும் கிடையாது. பால்காரரிடம் கணக்குப் பார்ப்பதுபோல அவ்வளவு சகஜமாக நடக்கிறது. மும்பையின் ஊழலை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை. அதே மனிதர் மேல் நமக்குப் பாசமும் வருகிறது, அதுதான் எழுத்தின் பலம்.

தொடர் நல்ல தொடர்தான், சரி. ஆனால் கதை தெரியும் என்று நாவலை ஒதுக்காதீர்கள். ஐந்தாம் மாடி ஜன்னலிலிருந்து ஒரு வெள்ளைப் பொமரேனியன் நாய் வெளியே பறக்கும் முதல் வரியைப் படித்துப் பாருங்கள், அப்புறம் கீழே வைக்க மாட்டீர்கள்.