காப்பகத்தில் மரம் நடுவது கடைசி வேலை

நாய்க் காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை நூறு கன்று நட்டோம் என்று படம் போடுகிறவர்கள் சித்திரையில் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்க வேண்டும். மிஞ்சியிருப்பது பெரும்பாலும் காய்ந்த குச்சிதான். தண்ணீர் ஊற்றாதது மட்டும் காரணம் இல்லை. புதிதாக நட்ட எதைப் பார்த்தாலும் ஆண் நாய் காலைத் தூக்கும். சிறுநீரின் உப்பும் யூரியாவும் ஒரே இடத்தில் இறங்கினால் இளம் வேர் கருகிவிடும். தண்டை ஒட்டிக் கட்டும் கூண்டு இதற்கு உதவாது. கன்றிலிருந்து 2 அடி தள்ளி, 4 அடி உயரத்துக்குக் கம்பி வலை வேண்டும்.

குழிக்குள் போடும் எருதான் இன்னும் பெரிய ஆபத்து. ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் வேண்டவே வேண்டாம். வாசம் பிடித்து நாய் ராத்திரியே தோண்டித் தின்றுவிடும். ஆமணக்கில் இருக்கும் ரைசின் என்ற நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி, ரத்தப்பேதி என்று போய் உயிரே போகலாம். 2 அடிக் குழிக்கு நன்றாக மட்கிய தொழுவுரம் இரண்டு கூடை போதும். அழகுக்கென்று அரளி வைப்பதும் கூடாது, அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். துளிர்க்கும் மொட்டுகள் தூரில்தான் இருக்கின்றன. சுற்றிலும் மண்ணைப் பறித்து, ஒரு அடி ஆழம் வரை தூரோடு எடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கடப்பாரைக்குப் பாதி வேலைதான். ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். பல காப்பகங்களில் கோடைக்கு இருக்கும் ஒரே நிழல் அதுதான் (என்னதான் திட்டினாலும்). மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அங்கே புங்கனோ வேம்போ தலையெடுத்த பிறகு அடுத்த பங்குக்குப் போகலாம். சீக்கிரம் நிழல் வேண்டுமென்றால் 6 அடிப் பூவரசம் போத்து (வெட்டிய கிளை) நடலாம். ஆணிவேர் இருக்காது, காற்றில் சாயலாம், அதனால் கூரையை ஒட்டி வேண்டாம்.

உண்ணிக்குப் பயந்து புல்லை மொத்தமாகச் செதுக்கும் வழக்கம் எனக்குப் புரிவதே இல்லை. நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி ரத்தம் குடித்து விழுந்ததும் சுவர் விரிசலிலும் கூண்டு இடுக்கிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. செலவு செய்ய வேண்டியது விரிசலை அடைக்கும் சிமெண்டுக்கு. வெறும் மண் மழையில் சேறாகும். மலம் கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழு வளரும், செருப்பில்லாமல் நிற்கும் தன்னார்வலர் காலிலும் ஏறும். ஓடும் இடத்தில் அருகம்புல் கரணையை (தண்டுத் துண்டை) அரை அடிக்கு ஒன்றாக ஊன்றி, வேர் பிடிக்கும்வரை இரண்டு மாதம் நாய் போகாதபடி அந்த இடத்தை அடைத்து வையுங்கள். மைதானத்தை இரண்டாகப் பிரித்தால்தான் இது நடக்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தை அதற்கு முன்பே மேடாக்கிவிடுங்கள், எலிக்காய்ச்சல் அங்கிருந்து வரலாம்.

நடவு இதெல்லாம் முடிந்த பிறகு, ஐப்பசி மழையோடு. நிதி தருகிற நிறுவனங்கள் கன்றுக்குத்தான் பணம் தருவார்கள், பேனரில் எண்ணிக்கை போடலாமே. கம்பி வலைக்கும் மாசி முதல் ஆனி வரை தண்ணீர் லாரிக்கும் கேளுங்கள். தர மறுத்தால் கன்று எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.