அந்த 3 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?
மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சை பெற்றவரின் டிஸ்சார்ஜுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி 3 மணி நேரத்தில் அனுமதி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் உத்தரவிட்டதால் காத்திருப்பு தீர்ந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்த நேரம் டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்றதும் தொடங்குவதில்லை. ஆஸ்பத்திரியின் கோரிக்கை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். குடலிறக்க ஆபரேஷன் முடிந்த அப்பாவுக்குக் காலை 10 மணிக்கே கையிலிருந்த ஊசியைக் கழற்றிவிட்டார்கள். கம்பெனிக்குப் பில் போனதே மதியம் 2 மணிக்கு. சரி, 5 மணிக்குள் கிளம்பலாம் என்று பையைக் கட்டினால், நாலரைக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு 'க்வெரி': வலி எத்தனை நாளாக இருந்தது என்று டாக்டர் எழுதித் தர வேண்டுமாம். அட்மிஷனன்று கொடுத்த தாளிலேயே அது இருக்கிறது! டாக்டரோ அதற்குள் தன் கிளினிக்குக்குப் போய்விட்டார். வீடு வந்தபோது இரவு 9 மணி. கையுறை, பஞ்சுக்கான பணத்தைக் கம்பெனி தராமல் பிடித்துக்கொண்டது வேறு. தாமதத்தால் கூடும் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. கவுன்டரில் அதை யாரும் சொல்லவில்லை, அரைநாள் அறை வாடகையை நாங்களே கட்டினோம்.