ஓகியெக் மக்களை வெளியேற்றினால்தான் மாவ் காடு பிழைக்குமா?

"பழங்குடியினர் உள்ளே இருக்கும்வரை காடு அழியும், கென்யாவின் மாவ் காடே சாட்சி" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

மாவ் காடு சுருங்கியது உண்மைதான். ஆனால் பழி யார்மீது? அந்தக் காட்டில் வாழும் பழங்குடியினரான ஓகியெக் மக்கள் வெளியேற 2009-இல் அரசு கொடுத்த கெடு வெறும் 30 நாள். வழக்கு ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. மற்றவர்களின் ஆக்கிரமிப்பும், அரசே காட்டு நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததும், மரம் வெட்ட உரிமம் வழங்கியதுமே காரணம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. குடைந்த கட்டையை மரக்கிளையில் தேன்கூடாக வைத்துத் தேன் எடுக்கிறவர்கள் மரத்தை வெட்டுவார்களா, என்ன?

வெளியேற்றினால் வீடு மட்டுமா போகும்? தேன், வேட்டை, சடங்கு நடக்கும் இடம் எல்லாமே போகும். பண்பாட்டு, மத உரிமைகள் மீறப்பட்டதையும் நீதிமன்றம் ஏற்றது. 2022-இல் 15 கோடி ஷில்லிங்குக்கு மேல் இழப்பீடும், நிலத்துக்குக் கூட்டுப் பட்டாவும் தர உத்தரவிட்டது. அதன் பிறகும், 2023 நவம்பரில், வெளியேற்றம் நடந்தது.