தைப்பூச விடுமுறைக்கு வேறொரு வழி

சிங்கப்பூரில் தைப்பூசத்தை மறுபடியும் பொது விடுமுறையாக்க வேண்டும், இந்துக்களிடமிருந்து மட்டும் விடுமுறையைப் பறித்துவிட்டார்கள் என்கிறது ஒரு கட்டுரை. கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் இந்துக்களிடமிருந்து மட்டும் என்று சொல்வது சரியில்லை. 1968இல் விடுமுறைகளைக் குறைத்தபோது முஸ்லிம்கள் நபிகள் நாயகம் பிறந்தநாளை விட்டுக்கொடுத்தார்கள். கிறிஸ்தவர்கள் ஈஸ்டரை ஒட்டிய சனி, திங்கள் இரண்டையும். இந்துக்கள் தரப்பில் தைப்பூசம் போய் தீபாவளி நின்றது.

இருந்தாலும் தைப்பூசத்தின் கஷ்டம் தனி. தீபாவளியை வீட்டோடு கொண்டாடிவிடலாம். காவடியோ சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை போகவேண்டும். கூட நடக்க, தண்ணீர் கொடுக்க, பாட சொந்தபந்தம் வேண்டாமா? வேலைநாளில் வந்தால் அத்தனை பேரும் லீவுக்கு எங்கே போவார்கள்?

முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள இப்போதே அங்கே வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. தெரிந்து கேட்டாலும் முதலாளி மறுத்தால் அவ்வளவுதான். தைப்பூசத்துக்கும் நபி பிறந்தநாளுக்குமாவது, தொழிலாளி கேட்டால் மாற்றிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று விதி வரட்டும். 11 விடுமுறையைப் 12 ஆக்கச் சொல்வதற்கு முன் இதைக் கேட்போம். இதற்கு யாருடைய பண்டிகையும் குறையாது.