பாடப்படும் வசனம் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது?

வேத வசனங்களுக்கு மெட்டமைத்து வீட்டில் பாடத் தொடங்கியபோது நான் முதலில் தேர்ந்துகொண்ட வசனம், புதிய ஏற்பாட்டில் பவுல் அப்போஸ்தலன் எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தில் (கடிதத்தில்) உள்ள எபேசியர் 6:1. "பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள், இது நியாயம்." நான் இசை கற்றவன் அல்லன். சுருதி சேர்ந்து பாடத் தெரியும், அவ்வளவுதான். எளிதான ஒரு மெட்டு கிடைத்தது, பிள்ளைகள் இருவரும் இரண்டு நாளில் கற்றுக்கொண்டார்கள். நான் அந்தப் பாட்டை எப்போதெல்லாம் பாடச் சொன்னேன் என்பதை எண்ணிப் பார்த்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. சொன்ன பேச்சை அவர்கள் கேட்காத வேளைகளில்தான் பாடச் சொன்னேன். பாட்டு மெல்ல மெல்லப் பிரம்பாகிவிட்டது. ஒரு மாலை குடும்ப ஜெபத்தில் என் மனைவி வேதாகமத்தைத் திறந்து, அதே அதிகாரத்தின் நான்காம் வசனத்தைக் காட்டி, "இதற்கு எப்போது மெட்டுப் போடப்போகிறீர்கள்?" என்று கேட்டாள். "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக." என்னிடம் பதில் இல்லை.

பவுல் பாடுவதைப் பற்றி எங்கே எழுதுகிறார் என்று அதன் பிறகுதான் கவனித்துப் பார்த்தேன். கொலோசெயர் 3:16இல் கிறிஸ்துவின் வசனம் நமக்குள் பரிபூரணமாக வாசமாயிருக்கட்டும் என்று சொல்லி, சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லும்படி எழுதுகிறார். இடையில் ஒரே ஒரு வசனம். உடனே 18ஆம் வசனத்தில் மனைவிகள், 19இல் புருஷர்கள், 20இல் பிள்ளைகள், 21இல் பிதாக்கள். எபேசியரிலும் இதே வரிசைதான்: 5:19இல் பாட்டு, 5:21இல் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிதல், அதன்பின் கணவன் மனைவி, பிள்ளைகள், தகப்பன்மார். இரண்டு நிருபங்களிலும் பாட்டு குடும்பத்தின் வாசற்படியில் நிற்கிறது. சபை ஆராதனைக்குரிய அறிவுரையாகவே இந்த வசனங்களைக் கேட்டுப் பழகிவிட்டோம், அது தவறும் அல்ல. ஆனால் "ஒருவருக்கொருவர்" என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தால், பாடுகிறவனும் கேட்கிறவனும் ஒரே கூரையின் கீழ் நாள் முழுவதும் முகம் பார்த்து வாழ்கிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். அங்கே பொய்யாகப் பாடுவது கடினம்.

என் கருத்து இதுதான். குடும்பத்திற்காக வசனத்தை இசையில் அமைப்பவர்கள் வசனத்தை முழுமையாக, எழுதியிருக்கிறபடியே அமைக்க வேண்டும். அதோடு, தங்களை நோக்கிச் சொல்லப்பட்ட வசனத்தைத் தாங்களே பாட வேண்டும்.

முழுமையைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. என் மகன் ஒரு தேர்வுக்கு முன் பிலிப்பியர் 4:13ஐ விரும்பிப் பாடிக்கொண்டிருந்தான்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." தேர்வு சரியாகப் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. கேட்டதற்கு, "அது வேலை செய்யவில்லை" என்றான். தவறு அவனுடையது அல்ல, வசனத்தைத் தனியாகப் பிய்த்து மெட்டமைத்துக் கொடுத்த என்னுடையது. அதற்கு முந்தைய வசனம் இப்படித் தொடங்குகிறது: "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுத்தான் பவுல் அந்தப் பெலனைப் பற்றிப் பேசுகிறார். வெற்றிக்கு முன்னால் வைக்கப்பட்ட உறுதிமொழி அல்ல அது, பசியின் நடுவிலும் தளராமல் நிற்கிறவனின் சாட்சி. இரண்டு வசனங்களையும் சேர்த்துப் புதிதாக மெட்டமைத்தேன். தாழ்ந்திருக்கவும், வாழ்ந்திருக்கவும் என்று எதுகை தானாகவே அமைந்திருப்பதால் அந்த இடத்தில் இசைக்கு நான் செய்ய வேண்டியது மிகக் குறைவாக இருந்தது. முதல் சொல்லுக்குக் கீழ்ஸ்தாயியில் ஒரு ஸ்வரம், இரண்டாவதற்கு அதைவிட உயர்ந்த ஒரு ஸ்வரம். மகன் உடனே பாடிவிடவில்லை. சில வாரங்கள் நாங்கள் பாட, அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் தானாகவே சேர்ந்துகொண்டான்.

அதிகார எண்களும் வசன எண்களும் மூல நூல்களை எழுதியவர்கள் இட்டவை அல்ல என்பதை இந்த இடத்தில் நினைவில் வைப்பது நல்லது. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை ராபர்ட் எத்தியேன் என்ற அச்சகர் 1551ஆம் ஆண்டுப் பதிப்பில் அமைத்தார். எபேசியர் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரையுள்ள வசனங்கள் கிரேக்க மூலத்தில் ஒரே நீண்ட வாக்கியம். ஆகவே எண் எங்கே முடிகிறதோ அங்கே பாட்டும் முடிய வேண்டும் என்று கட்டாயமில்லை. பொருள் எங்கே முடிகிறது என்பதைப் பார்த்துத்தான் மெட்டமைக்க உட்கார வேண்டும்.

வேதாகமம் செய்யுளாகவே இல்லாத இடங்களை எப்படிப் பாடுவது என்று கேட்பவர்கள் உண்டு. யூத வேத அறிஞர்கள் படியெடுத்துப் பேணிய எபிரெய வேதத்தின் மசோரெத்தியப் பிரதிகளில் உரைநடைப் பகுதிகளின் மேலும் கீழும்கூட ஓதும் இசைக்கான குறியீடுகள் இருக்கின்றன. அந்தக் குறியீடுகளே எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்பதையும் காட்டுகின்றன. அதாவது இசையும் பொருளும் ஒரே அடையாளத்தில் அடங்கியிருந்தன. பிற்கால வரலாற்றில் இரண்டு வழிகளைக் காண்கிறோம். 1562இல் முழுமை பெற்ற ஜெனீவா சங்கீதப் புத்தகம், வேதாகமத்தில் சங்கீதங்கள் என்று அழைக்கப்படும் 150 பாடல்களையும் பிரெஞ்சுச் செய்யுளாக்கி, மக்கள் ஒருமித்துப் பாடத்தக்க மெட்டுகளில் தந்தது. அங்கே மெட்டின் அளவுக்கு ஏற்பச் சொற்கள் மாற்றி அமைக்கப்பட்டன. அதற்கும் மிக முந்தைய ஓதுதல் மரபில் சொற்கள் அப்படியே நிற்க, இசை வளைந்துகொடுத்தது: வரியின் பெரும்பகுதியை ஒரே ஸ்வரத்தில் ஓதி, முடிவில் மட்டும் இரண்டு மூன்று ஸ்வரங்களில் இறங்கி நிறுத்துவார்கள். வரி நீண்டாலும் குறைந்தாலும் அந்த ஒரு ஸ்வரம் தாங்கிக்கொள்ளும். செய்யுளாக்குவதை நான் குறை கூறவில்லை, அதனால் தலைமுறைகள் பயனடைந்தன. ஆனால் வீட்டில் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் கற்பிக்க நினைக்கிறவர்களுக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்று அனுபவத்தில் கண்டிருக்கிறேன். தாளக்கட்டு வேண்டும் என்ற ஆசையில் சொல்லை நறுக்கவும் வேண்டியதில்லை, இல்லாத சொல்லைத் திணிக்கவும் வேண்டியதில்லை.

தமிழில் வசனத்துக்கு மெட்டமைக்கும்போது கவனிக்க வேண்டிய முதல் காரியம் குறிலும் நெடிலும். வேகத்துக்காக நெடிலைக் குறுக்கினால் வீடு விடு ஆகிவிடும், ராகத்துக்காகக் குறிலை நீட்டினால் படி பாடி ஆகிவிடும். சங்கீதம் 127:1ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில், அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா." இந்த வசனத்தின் நிபந்தனை முழுவதும் "கட்டாராகில்" என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. எதிர்மறை அதன் "டா"வில் இருக்கிறது. அந்த எழுத்தின் மீது மெட்டு நின்று போகாமல் ஓடிவிட்டால், கேட்கிற பிள்ளைக்குக் கர்த்தர் கட்டுகிறாரா இல்லையா என்பதே விளங்காது. மூச்சு வாங்குவதற்காகக் "கட்டார்" என்று நிறுத்தி "ஆகில்" என்று தொடங்குவதும் அதே கேட்டைச் செய்யும். மறுபுறம், நம் மொழி நமக்கு ஓர் உதவியும் செய்கிறது. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, அது பெரும்பாலும் நெடிலில் முடிகிறது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற சங்கீதம் 56:3இல், ஓதிக்கொண்டே வந்து "வேன்" என்ற இடத்தில் அமைதியாக நிற்கலாம். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்" என்ற 4:8இல் "செய்வேன்" ஒரு நிறுத்தம், "கிறீர்" இன்னொரு நிறுத்தம். தாலாட்டுக்கு இதைவிட நல்ல அமைப்பை நாம் தேடிப் போக வேண்டாம்.

ஏற்கெனவே புகழ்பெற்ற மெட்டுகளை எடுத்து வசனத்தை அதில் பொருத்துவதை நான் தவிர்த்துவிடுகிறேன். பழைய சொற்கள் அந்த மெட்டோடு கூடவே வந்து மனதில் உட்கார்ந்துகொள்கின்றன. நான்கைந்து ஸ்வரங்களுக்குள் அடங்கும் சொந்த மெட்டு போதும். சிறு பிள்ளையின் குரலும் தகப்பனின் குரலும் ஒன்றாகச் செல்லக்கூடிய எல்லை அவ்வளவுதான். வாத்தியம் இல்லாமலும் பாட முடிய வேண்டும், ஏனென்றால் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பேச வேண்டும் என்றல்லவா உபாகமம் 6:7 சொல்கிறது. பதிவு செய்யப்பட்ட நல்ல பாடல்களைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதில் தவறில்லை. ஆயினும், கைப்பேசியில் ஒலிக்கும் தேர்ந்த குரலைவிடத் தாயின் தடுமாறும் குரலைப் பிள்ளை வேறுவிதமாகக் கேட்கிறது. இந்த வசனத்தை இவர்கள் நம்புகிறார்களா என்ற கேள்விக்கு அங்கேதான் அதற்கு விடை கிடைக்கிறது. (வீட்டில் பாடுவது வேறு, பதிவு செய்து வெளியிடுவது வேறு. வெளியிடுவதானால், புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட வேண்டும்.)

எந்த வசனங்களைத் தேர்ந்துகொள்கிறோம் என்பதில்தான் எனக்கு மிகுந்த கவலை இருக்கிறது. வாக்குத்தத்த வசனங்களை மட்டுமே பாடி வளர்கிற பிள்ளைக்கு, வீட்டில் துக்கம் வரும்போது பாடுவதற்கு ஒன்றும் இருக்காது. சங்கீதங்களில் மிகுதியாக இருப்பவை புலம்பல்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்களில் கண்ணீரிலிருந்து துதிக்கு வருகிறது. 88ஆம் சங்கீதமோ அப்படி வரவே இல்லை, இருளிலேயே முடிகிறது. அதுவும் பாடகர்களுக்கென்று தலைப்பிட்டுக் கொடுக்கப்பட்ட பாட்டுத்தான். உபாகமம் 31ஆம் அதிகாரத்தில் ஒரு பாட்டை எழுதி, இஸ்ரவேல் புத்திரருக்குப் படிப்பித்து, அதை அவர்கள் வாயில் வைக்கும்படி கர்த்தர் மோசேக்குக் கட்டளையிடுகிறார். அவர்களுடைய சந்ததியின் வாயிலிருந்து அது மறந்துபோகாது என்று 21ஆம் வசனம் சொல்கிறது. தலைமுறைகளின் நினைவில் நிற்கும்படி தேவனே கட்டளையிட்ட அந்தப் பாட்டு, 32ஆம் அதிகாரத்தின் 43 வசனங்கள், பெரிதும் எச்சரிப்பும் கடிந்துகொள்ளுதலுமாக இருக்கிறது. இனிமையானதை மட்டும் பாட்டாக்குவது நம்முடைய பழக்கம், வேதத்தின் பழக்கம் அல்ல.

எங்கள் வீட்டுக்கு வசனத் தேர்வை இப்போது வாக்குவாதங்களே செய்துகொடுக்கின்றன. கேட்பதற்குத் தீவிரமாயும் கோபிப்பதற்குத் தாமதமாயும் இருக்கச் சொல்லும் யாக்கோபு 1:19 அப்படித்தான் வந்தது, ஒருவருக்கொருவர் மன்னிக்கச் சொல்லும் எபேசியர் 4:32ம் அப்படித்தான். நான்காம் வசனத்துக்கு, என் மனைவி சுட்டிக்காட்டிய அந்த எபேசியர் 6:4க்கு, மெட்டமைக்க எனக்கு நெடுநாள் ஆனது. அமைத்து முடித்து, பிள்ளைகள் கேட்க நான் தனியாகப் பாடினேன். அவர்கள் இருவரும் சேர்ந்து பாடவில்லை, சிரிக்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனத்தை நான் சொல்லாமலேயே மகள் தொடங்கினாள்.

இப்போது கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தின் அந்த நான்கு வசனங்களை ஒரே பாட்டாக அமைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் தத்தம் வசனத்தை மட்டுமே பாட வேண்டும், அடுத்தவர் வசனத்தைத் தொடக்கூடாது என்பது மனைவி இட்ட விதி. நான்கில் இரண்டு என் பங்கு. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடிக்கு என்ற 21ஆம் வசனம் முடிந்துவிட்டது. 19ஆம் வசனம் இன்னும் அமையவில்லை: "புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள், அவர்கள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள்." அந்தக் கடைசிச் சொல்லில் ஒரே ஒரு நெடில்தான் இருக்கிறது. விலக்க வேண்டியது எது என்பதைச் சொல்லும் "ளா" அது. அதற்கு முன்னாலும் பின்னாலும் வரிசையாகக் குறில்கள், வாய் வேகமாகக் கடந்துபோகவே பார்க்கிறது. அந்த ஓர் எழுத்தின் மேல் நிற்கும்படி மெட்டை மூன்று முறை மாற்றியிருக்கிறேன், இன்று இரவு மறுபடியும் உட்காரப்போகிறேன்.